காது போன எஞ்சினும் கையெழுத்துப் போட்ட டிரைவரும்

பன்னீர்செல்வத்துக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். சாதாரண நாளில் எல்லாரையும் "என்னய்யா", "வாப்பா" என்று பேசுகிற மனுஷன், எரிச்சல் வந்தால் "சொல்லுங்க, உட்காருங்க" என்று ஆரம்பிப்பார். அதற்கும் மேலே போனால் "தாங்கள்" வரும். ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் பதினொரு வருஷத்தில் அவர் வாயால் "தாங்கள்" வாங்கியவர்கள் மூன்றே பேர். ஒருவர் இன்சூரன்ஸ்காரர். ஒருவர் அவருடைய சொந்த மச்சினன். மூன்றாவது ஆள் முரளிதரன்.

பன்னீர்செல்வத்துக்குப் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு ஊர். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவர். பம்பாய் ஏஜெண்ட் மூலமாக வந்து இறங்கியபோது, விசாவில் தொழில் என்ற இடத்தில் 'தச்சர்' என்று இருந்தது. ஏஜெண்டிடம் அன்றைக்குக் கையிருப்பில் இருந்தது அந்த விசாதான். ஆகவே 2004-ஆம் வருஷம் வரை, அரசாங்கக் காகிதப்படி, ஒரு தச்சர் கார்களுக்குள் தலையை விட்டு ஒயர் தேடிக்கொண்டிருந்தார்.

அவருக்கு யார் யார் மேல் கோபம் என்று எழுதினால் தாள் போதாது. ஃப்யூஸ் போனால் அந்த இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி வைக்கிறவர்கள் மேல் கோபம். ஸ்கேனரைச் செருகி, அது பெயர் சொன்ன பாகத்தை வாங்கி மாட்டிவிட்டு, தன்னை மெக்கானிக் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் மேல் இன்னும் கோபம். "ஸ்கேனர் தெருப் பேரைத்தான்யா சொல்லும். கதவு நம்பரை நாமதான் தேடணும்" என்பார். கராஜ் வாசலில் கொடுக்கும் ஜாப் கார்டு மேல் தனிக் கோபம். வண்டிக்கு என்ன செய்கிறது என்று எழுத வேண்டிய இடத்தில், தாங்களே வைத்தியமும் எழுதி அனுப்புவார்கள் கம்பெனிக்காரர்கள்.

அந்த வருஷம் ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்த ஜாப் கார்டில், பச்சை மையில், இவ்வளவுதான் இருந்தது: "எஞ்சின் லைட்டை அணைக்கவும். அவசரம்."

"நல்லாருக்கே" என்றார் பன்னீர்செல்வம். "காய்ச்சல்காரனைக் கூட்டிட்டு வந்து தெர்மாமீட்டரை ஒடைக்கச் சொல்ற மாதிரி. யாருய்யா இதை எழுதினது?"

"எங்க மேனேஜர்தான், தம்பி" என்றார் வண்டியைக் கொண்டுவந்த டிரைவர்.

டிரைவர் பெயர் கௌஸ் முகைதீன். அதிராம்பட்டினம். ஐம்பதை நெருங்கும் வயது. ராஸ் அல் கைமாவில் சிமெண்ட் குழாய் செய்யும் ஃபாக்டரியும் ஷார்ஜாவில் ஆபீஸும் வைத்திருந்த ஒரு கம்பெனியில் ஏழெட்டு மாதமாக வண்டி ஓட்டுகிறார். வண்டி என்றால் சாதாரண வண்டி இல்லை. எட்டு சிலிண்டர், வெள்ளை நிறம், கம்பெனி முதலாளியான அரபி வந்தால் அவர் ஏறும் வண்டி. அவர் வராத நாளில் மேனேஜர் முரளிதரன் ஏறுவார். வெளியே மட்டுமல்ல, பானெட்டைத் திறந்தால் உள்ளேயும் பளபளவென்றிருந்தது. ஒரு சொட்டு எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் அவ்வளவு சுத்தமான எஞ்சினைப் பார்த்தால் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும் என்று பன்னீர்செல்வத்துக்கு அப்போது தோன்றவில்லை.

ஸ்கேனர் தெருப் பேரைச் சொன்னது: நாக் சென்சார் சர்க்யூட்.

இதைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். சிலிண்டருக்குள் பெட்ரோல் எரிய வேண்டிய நேரத்துக்கு முன்னால் தானாக வெடித்தால், உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி சத்தம் வரும். விட்டால் எஞ்சின் போய்விடும். அந்தத் தட்டலைக் கேட்பதற்காகவே எஞ்சினின் உடம்பில் ஒரு காதை முடுக்கி வைத்திருக்கிறார்கள். அதுதான் நாக் சென்சார். தட்டல் கேட்டால் அது கம்ப்யூட்டருக்குச் சொல்லும், கம்ப்யூட்டர் தீப்பொறியைக் கொஞ்சம் தாமதமாக்கும், தட்டல் அடங்கும். காது செத்துப்போனால்? கம்ப்யூட்டருக்குப் பயம் வந்துவிடும். எதற்கும் இருக்கட்டும் என்று எப்போதும் தாமதமாகவே தீ வைக்கும். வண்டி இழுக்காது. பெட்ரோலை மட்டும் குடிக்கும். காது கேட்காமல் போனதற்கு, பயந்துகொண்டே மெதுவாக வேலை செய்வதும், அதிகமாகச் சாப்பிடுவதும் தண்டனை. எஞ்சினுக்கு மட்டும்தானா என்று கேட்கக் கூடாது.

பன்னீர்செல்வம் எஞ்சினை ஓடவிட்டு, நீளமான ஒரு கம்பியைச் சென்சார் இருக்கும் பக்கம் வைத்து, ஸ்பானரால் டக் டக்கென்று தட்டினார். நல்ல காதாக இருந்தால் அந்தப் பொய்த் தட்டலைக் கேட்டு எஞ்சின் ஒரு நொடி குரலைத் தாழ்த்தும். இது தாழ்த்தவில்லை. அது பாட்டுக்கு ஓடியது.

"பாய், வண்டி இழுக்குதா?"

"இழுக்கல தம்பி. ஃபலாஜ் அல் முஅல்லா தாண்டி மேடு வந்தா மூச்சு வாங்குது."

"பெட்ரோல்?"

கௌஸ் முகைதீன் ஓரமாகக் கிடந்த பழைய டயரில் உட்கார்ந்தார். "அதுனாலதான் தம்பி என்னைச் சனிக்கிழமை கேன்சல் பண்றாங்க" என்றார்.

கேன்சல் என்றால் விசாவை ரத்துசெய்து ஊருக்கு விமானம் ஏற்றுவது. இங்கே அந்த ஒரு வார்த்தைக்கு எல்லாருக்கும் அர்த்தம் தெரியும்.

விஷயம் இதுதான். ஒரு டேங்க் பெட்ரோலில் ராஸ் அல் கைமாவுக்கு மூன்று நடை போய்வந்த வண்டி, நாலைந்து மாதமாக இரண்டரை நடையிலேயே பங்க்கைத் தேடியது. மீதிப் பெட்ரோல் எங்கே? முரளிதரன் யோசித்தார். வண்டி குடித்திருக்க முடியாது, ஏனென்றால் வண்டி கம்பெனியுடையது. ஆகவே டிரைவர் விற்றிருக்க வேண்டும்.

"அப்படிச் சொன்னா போதுமா? ஆதாரம் வேணாமா?" என்றார் பன்னீர்செல்வம்.

"ஆதாரம் இருக்கு தம்பி. அதான் வினை. நடுவுல எனக்கு அம்மை போட்டு, முவைலாவுல நான் தங்குற ரூம்ல பன்னெண்டு நாள் படுத்துட்டேன். அப்ப ஆபீஸ்ல இருக்கிற பிலிப்பினோ ஓட்டினான். அவன் கையில டேங்க் கரெக்டா மூணு நடை போச்சு. நான் திரும்பி வந்தேன், மறுபடி ரெண்டரை. மேனேஜர் அதை அப்படியே கோடு போட்டுக் காட்டுறார். நான் என்ன சொல்ல? எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துருச்சு, நான்தான் எடுக்கிறேனோன்னு."

"சரி, இல்லேன்னு சொல்லிட்டு நிக்க வேண்டியதுதானே?"

"நின்னேன். போலீஸ்னாரு. கையெழுத்துப் போட்டா போலீஸ் வேண்டாம், சத்தமில்லாம ஊருக்குப் போகலாம்னாரு. போட்டுட்டேன்."

"எதுல?"

"லெட்டர்ல. இங்கிலீஷ்ல இருந்துச்சு. பெட்ரோல் எடுத்தேன்னு ஒத்துக்கறேன்னு எழுதியிருக்காம்."

"படிக்கத் தெரியாத பேப்பர்ல கையெழுத்துப் போட்டீங்களா?"

கோபத்தின் 'ங்க' வந்துவிட்டது. கௌஸ் முகைதீனுக்கு அது புரியவில்லை; மரியாதையான மனுஷன் என்று நினைத்துக்கொண்டார்.

இந்த ஊரில் எல்லாரும் செய்கிற தப்பு இது. தெரியாத ஊரில் இறங்கிய முதல் நாளிலிருந்து, தெரியாத எழுத்தின் கீழே, காட்டிய இடத்தில் பேரை எழுதிப் பழகிவிடுகிறோம். லேபர் காண்ட்ராக்ட் அரபியில், மெடிக்கல் அரபியில், பேங்க் இங்கிலீஷில். இருபது கையெழுத்து சரியாகப் போனபிறகு, இருபத்தோராவது கையெழுத்தும் அப்படித்தான் என்று கை நினைத்துக்கொள்கிறது. கை பழகிய வேகத்தில்தான் கௌஸ் முகைதீன் திருடர் ஆனார்.

அந்த நேரம் பார்த்து ஃபோர்மேன் வந்தார். பெஷாவர்க்காரர். மேனிஃபோல்டைக் கழற்றினால்தான் சென்சாரைத் தொட முடியும் என்று கேட்டதும் முகம் சுளித்தார். மேனிஃபோல்ட் என்பது எஞ்சின் தலையில் உட்கார்ந்திருக்கும் காற்றுப் பெட்டி. அதைத் தூக்கி இறக்க ஒரு முழு நாள் வேண்டும்.

"ரெசிஸ்டர் லகா தோ, பன்னீர் பாய். லைட் பந்த். கலாஸ்" என்றார். ரெசிஸ்டரைப் போடு, லைட் அணையும், வேலை முடிந்தது.

இண்டஸ்ட்ரியல் ஏரியாவின் கைமருந்து அது. பட்டாணி அளவு ஒரு ரெசிஸ்டரை ஒயரில் வைத்துப் பற்றவைத்தால், காது நன்றாகக் கேட்கிறது என்று கம்ப்யூட்டர் நம்பிவிடும். லைட் அணையும். வண்டி இழுக்கும். பெட்ரோலும் பழையபடி ஆகும். என்றைக்காவது உள்ளே உண்மையாகவே தட்டினால் யாருக்கும் தெரியாமல் எஞ்சின் சாகும், அவ்வளவுதான். ஜாப் கார்டு கேட்டதும் அதைத்தானே.

பன்னீர்செல்வம் திட்டிக்கொண்டே டப்பாவிலிருந்து ரெசிஸ்டரை எடுத்தார். சால்டரிங் அயர்ன் சூடாகும்வரை சும்மா நின்றவருக்கு, அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது.

லைட் அணைந்துவிடும். பெட்ரோல் சரியாகிவிடும். சனிக்கிழமை கௌஸ் முகைதீன் விமானம் ஏறுவார். ஞாயிற்றுக்கிழமை முரளிதரன் டேங்கைப் பார்த்துவிட்டு ஆபீஸில் எல்லாரிடமும் சொல்வார்: பார்த்தீர்களா, ஆள் போனதும் பெட்ரோல் நின்றுவிட்டது. இந்தப் பட்டாணி அளவு சாமானை மாட்டினால், அந்தப் பச்சை மைக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுவது பன்னீர்செல்வம்தான்.

அயர்ன் ப்ளக்கைப் பிடுங்கினார்.

"பாய், இங்க வாங்க. நீங்க செஞ்சு, அந்தப் பிலிப்பினோ செய்யாதது ஏதாவது இருக்கணும். என்ன செய்வீங்க இந்த வண்டிக்கு?"

"ஓட்டுவேன்."

"அவனும்தான் ஓட்டினான். வேற?"

"தொடைப்பேன். வெள்ளிக்கிழமை லீவுல கழுவுவேன். அவன் கழுவ மாட்டான் தம்பி. வண்டி ஓட்டத்தான் வந்தேன், கழுவ வரலேன்னு மேனேஜர் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டான்."

"லைட் என்னைக்கு எரியும்?"

கௌஸ் முகைதீன் யோசித்தார். "சனிக்கிழமை. எப்பவும் சனிக்கிழமைதான். முன்னாடியெல்லாம் திங்கள், செவ்வாயில அதுவா அணைஞ்சுரும். இப்ப வியாழன் வரைக்கும் நிக்குது."

"கழுவறதுன்னா, வெளியிலதானே?"

"அதெப்படி? எஞ்சினையும்தான். பெட்ரோல் பங்க்ல பிரஷர் பைப் வாங்கி நல்லா அடிச்சுக் கழுவுவேன். மேனேஜர் சனிக்கிழமை காலையில பானெட்டைத் திறக்கச் சொல்லி வெள்ளைக் கைக்குட்டையால தேய்ச்சுப் பார்ப்பார். கறை பட்டா மெமோ."

அதற்கு ஒரு சுற்றறிக்கையும் இருந்தது. லேமினேஷன் செய்து சன்வைசருக்குப் பின்னால் செருகியிருந்ததை கௌஸ் முகைதீனே எடுத்துக் காட்டினார். 'வாகனத்தின் எஞ்சின் பகுதி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உயர் அழுத்த நீரால் கழுவப்பட வேண்டும். தவறினால் நடவடிக்கை.' கீழே பச்சை மை.

முரளிதரன் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லியாக வேண்டும். கெட்டவராக இருப்பதற்கு நேரம் வேண்டும்; அவருக்குச் சுற்றறிக்கை எழுதவே நேரம் சரியாக இருந்தது. ஆபீஸ் டாய்லெட்டில் குழாயை எத்தனை சுற்று திறக்க வேண்டும் என்பதற்கு ஒன்று. டீக் கோப்பையின் காது எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒன்று. சென்னையிலிருந்து எம்.பி.ஏ. படிப்போடு வந்தவர். ஒழுங்கு என்பது ஏழைகள் செய்ய வேண்டிய வேலை என்று அந்தப் படிப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள் போல.

செவ்வாய் மத்தியானமே பன்னீர்செல்வம் மேனிஃபோல்டைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். ஃபோர்மேன் கேட்டதற்கு, "ரெசிஸ்டர் ஸ்டாக் இல்ல" என்றார். சட்டைப் பையில் இருந்தது.

புதன்கிழமை காலை பெட்டி மேலே வந்தது. எட்டு சிலிண்டரும் இரண்டு வரிசையாகச் சாய்ந்து நிற்கும் எஞ்சினில், நடுவில் ஒரு பள்ளம். மேனிஃபோல்ட் அதை மூடி போல மூடியிருக்கும். மேலே அடித்த தண்ணீர் ஓரமாக உள்ளே இறங்கும். வெளியே போக வழி கிடையாது. அந்தப் பள்ளத்தில், டீ நிறத்தில், துருத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அதன் நடுவே இரண்டு நாக் சென்சார்கள், கழுத்துவரை முங்கி, செம்பழுப்பாகப் பொரிந்துபோய் உட்கார்ந்திருந்தன. வெள்ளிக்கிழமை மூழ்கும், வாரமெல்லாம் எஞ்சின் சூட்டில் காயும், காய்ந்ததும் காது கேட்கும், மறுபடி வெள்ளிக்கிழமை வரும். ஒவ்வொரு வாரமும் துரு ஏற ஏற, காய்வதற்கு ஒரு நாள் கூடிக்கொண்டே போயிருக்கிறது.

கௌஸ் முகைதீன் எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"நான்தான் தம்பி ஊத்தியிருக்கேன்" என்றார். "அம்புட்டுத் தண்ணியும் நான் ஊத்தினதுதான்."

பன்னீர்செல்வத்துக்கு வந்த கோபத்தில் மரியாதை எல்லை தாண்டியது. "தயவுசெஞ்சு பேசாம இருங்க பாய். இன்னொரு லெட்டர் எழுதிக் கொடுத்துராதீங்க."

பன்னிரண்டு மணிக்கு முரளிதரன் டாக்ஸியில் வந்தார். மறுநாள் காலை முதலாளியை ஃபாக்டரிக்கு அழைத்துப்போக வண்டி வேண்டும். வெளியே நாற்பத்தாறு டிகிரி. கழுத்தில் டை. தகரக் கூரைக்குக் கீழே வந்து, திறந்து கிடந்த எஞ்சினைப் பார்த்தார்.

"வாட் இஸ் திஸ்? லைட்டை அணைக்கத்தானே அனுப்பினேன்?"

"ஆமாங்க சார். அதுக்குத்தான். இப்படி நில்லுங்க சார், ஒரு நிமிஷம்."

பன்னீர்செல்வம் பழைய சென்சார் ஒன்றைத் தண்ணீரோடு எடுத்து மேஜையில் வைத்து, மீட்டரின் இரண்டு முனையையும் அதன் முனையிலும் உடம்பிலும் தொட்டார். மீட்டரில் எண் ஓடியது.

"இங்க எந்த நம்பரும் வரக்கூடாது சார். வந்தா கரண்ட் கசியுதுன்னு அர்த்தம். காது செவிடு." துடைத்து, வெயிலில் கிடந்த இரும்புத் தகட்டின் மேல் பத்து நிமிஷம் வைத்தார். மறுபடி தொட்டார். எண் வரவில்லை. "காஞ்சா கேக்குது." மினரல் வாட்டர் பாட்டில் மூடியில் தண்ணீர் எடுத்து ஊற்றினார். எண் ஓடியது. "நனைஞ்சா கேக்கல. வெள்ளிக்கிழமை கழுவினா சனிக்கிழமை பெட்ரோல் குடிக்கும். பிலிப்பினோ கழுவல. அதனால குடிக்கல. இதுல திருட்டு எங்க சார் இருக்கு?"

முரளிதரன் முட்டாள் இல்லை. புரிந்தது. முகத்தில் ஒரு நொடி தெரிந்தது. அடுத்த நொடி அது போய்விட்டது.

"ஐ ஸீ. அப்ப தண்ணி ஊத்தி வண்டியைக் கெடுத்தது இவன்தான்."

"கழுவச் சொன்னது யாரு சார்?"

"கழுவத்தான் சொன்னேன். கெடுக்கச் சொல்லலையே." டையைத் தளர்த்தினார். "சரி, விடுங்க. வயசான ஆள். மனிதாபிமான அடிப்படையில இந்தத் தடவை மன்னிச்சு விடறேன். கேன்சல் வேண்டாம். கௌஸ், இனிமே எஞ்சின் கழுவக் கூடாது, சர்குலர் போட்டுடறேன். போதுமா?"

கௌஸ் முகைதீன் "சரி சார்" என்று சொல்ல வாயைத் திறந்தார். ஆனால் வந்தது பன்னீர்செல்வத்தின் குரல்.

"எதை மன்னிக்கறீங்க?"

"வாட்?"

"செஞ்சதைத்தானே மன்னிக்க முடியும். அவர் என்ன செஞ்சார்? தாங்கள் அதைச் சொல்லிட்டு மன்னிங்க."

"லுக், உங்க வேலை வண்டி. ஸ்டாஃப் மேட்டர்ல தலையிடாதீங்க."

"வண்டி மேட்டர்தான் சார். வண்டி குடிச்ச பெட்ரோலுக்கு மனுஷன் கையெழுத்துப் போட்டிருக்கார். அந்த லெட்டர் எங்க?"

"ஃபைல்ல. ஃபைல்ல போனதை எடுக்க முடியாது. அது ரெக்கார்ட். யாரும் பார்க்கப் போறதில்ல."

"பார்க்காத பேப்பரை எதுக்குத் தாங்கள் பத்திரமா வச்சிருக்கணும்? அடுத்த வருஷம் எதுக்காவது ஆகும்னுதானே?" பன்னீர்செல்வம் மேனிஃபோல்டைக் காட்டினார். "அந்த லெட்டர் வரட்டும். அது இந்த மேஜைக்கு வந்தப்புறம் இது இந்த எஞ்சினுக்குப் போகும்."

முரளிதரன் ஃபோர்மேனைக் கூப்பிட்டார். இந்தியும் இங்கிலீஷும் கலந்து புகார் சொன்னார். உங்கள் ஆள் வண்டியைப் பிடித்துவைத்து மிரட்டுகிறான், உங்கள் முதலாளிக்கு ஃபோன் போடட்டுமா என்றார். ஃபோர்மேன் முழுவதையும் கேட்டார். மேஜையில் கிடந்த துருப்பிடித்த சென்சாரைப் பார்த்தார். கௌஸ் முகைதீனைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கானா டைம்" என்றார்.

"இட்ஸ் ஒன்லி ட்வெல்வ் தர்ட்டி."

"ஆஜ் ஜல்தி பூக் லகா, சாப்" என்று, இன்றைக்குச் சீக்கிரமே பசித்துவிட்டதாகச் சொல்லி, கம்ப்ரஸரை அணைத்தார். நான்கு மணிவரை கராஜில் வேலை கிடையாது என்று சைகை காட்டினார். அத்தனை ஃபேனும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஃபோர்மேன் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே சாப்பிடப் போனார்.

முரளிதரன் சிறிது நேரம் நின்றார். கூரைத் தகரம் சூட்டில் படீர் படீரென்று சத்தம் போட்டது. டாக்ஸி பிடிக்க நடந்தார்.

"ஏன் தம்பி வம்பு?" என்றார் கௌஸ் முகைதீன். "அதான் கேன்சல் இல்லேன்னுட்டாரே."

"கேன்சல் இல்லதான். ஆனா திருடன்னு எழுதி வச்சுக்கிட்டு வேலையும் குடுப்பாரு. பரவாயில்லையா பாய்?"

கௌஸ் முகைதீன் இந்தத் தடவை டயரில் உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தார்.

நான்கு மணிக்கு, மேனிஃபோல்ட் மேஜையில் கிடந்தபடியே கிடக்க, முரளிதரன் திரும்பி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு தாளை மேஜையில் போட்டார். "சந்தோஷமா? கிழிச்சுக்கோங்க."

பன்னீர்செல்வம் எடுத்தார். கிழிக்கப் போனவரை கௌஸ் முகைதீன் தடுத்தார். "இரு தம்பி. என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை படி. போட்டவன் நான். கேட்டுக்கறேன்."

பன்னீர்செல்வம் இங்கிலீஷை எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்.

"கௌஸ் முகைதீன் ஆகிய நான்... கம்பெனி வண்டியிலேர்ந்து பல மாசமா பெட்ரோல் எடுத்து வித்தேன்... யாரும் என்னைக் கட்டாயப்படுத்தல, சுயநினைவோட இதை எழுதறேன்... என் மூத்த மகள் கல்யாணச் செலவுக்காக இந்தத் தப்பைச் செஞ்சேன்..." நிறுத்தினார். "பாய், உங்களுக்கு எத்தனை புள்ளைங்க?"

"ஒண்ணுதான். சித்தி மரியம்னு பேரு."

"என்ன வயசு?"

"எட்டு. மூணாங் கிளாஸ் படிக்குது."

பன்னீர்செல்வம் தாளை முரளிதரன் பக்கம் திருப்பி, அந்த வரியின் மேல் கிரீஸ் விரலை வைத்தார். அவர் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"அது ஒரு ஃபார்மட்" என்றார் முரளிதரன். "கம்ப்யூட்டர்ல இருந்தது. அவசரத்துல பேரை மட்டும் மாத்தினேன். அந்த வரியைக் கவனிக்கல."

"யார் பேரை?" என்று கேட்டது கௌஸ் முகைதீன்.

"முன்னாடி இருந்த டிரைவர். அருள்ராஜ்னு."

"இதே வண்டியா சார்?" கௌஸ் முகைதீன்தான் மறுபடியும் கேட்டார்.

முரளிதரன் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெள்ளைக் கைக்குட்டை. "ஆமா."

"அவரையும் இதுக்குத்தான் கேன்சல் பண்ணினீங்களா?"

"அது... அப்பவும் பெட்ரோல் டேலி ஆகல. அவனே ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்தான்."

"அவர் எழுதினாரா, நீங்க எழுதினீங்களா?"

முரளிதரன் எஞ்சினுக்குள் இருந்த பள்ளத்தைப் பார்த்தார். துருத் தண்ணீரை பன்னீர்செல்வம் துடைத்திருந்தார். அதன் கோடு மட்டும், குளத்தில் தண்ணீர் நின்ற மட்டம் போல, சுவரில் மூன்று நான்கு அடுக்காகப் படிந்திருந்தது.

"வெள்ளிக்கிழமை அவரும் கழுவினாரா சார்?" என்றார் கௌஸ் முகைதீன்.

"சர்குலர் எல்லாருக்கும்தான்" என்றார் முரளிதரன், மெதுவாக.

கௌஸ் முகைதீன் தாளை வாங்கிக்கொண்டார். கிழிக்கவில்லை. இரண்டாக மடித்து, நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். அதுவரை முரளிதரனிடம் பேசும்போதெல்லாம் தரையைப் பார்த்தே பேசியவர், இப்போது அவர் முகத்தைப் பார்த்தார்.

"என் புள்ளை பேரைச் சொல்லியும், அந்த மனுஷன் புள்ளை பேரைச் சொல்லியும், ஒரே பேப்பர்ல எழுதியிருக்கீங்க. அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சா, மாப்பிள்ளை வீட்டுல அவங்க வாப்பாவைத் திருடன்னாங்களா, எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது." பன்னீர்செல்வத்திடம் திரும்பினார். "தம்பி, புதுச் சென்சார் போட்டு அந்தப் பெட்டியைப் பூட்ட எம்புட்டு நேரம் ஆகும்?"

"நாலு மணி நேரம் பாய்."

"அப்ப டைம் இருக்கு சார்" என்றார் கௌஸ் முகைதீன். "அருள்ராஜ் லெட்டரையும் எடுத்துட்டு வந்துருங்க. அவர் ஊர் அட்ரஸும். கூடவே கம்பெனி பேப்பர்ல, பெட்ரோல் குடிச்சது வண்டிதான்னு எழுதி, ரெண்டு பேருக்கும் ஒவ்வொண்ணு. கையெழுத்தை நீங்க போடுங்க. என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க."

முரளிதரன் ஃபோர்மேன் எங்கே என்று தேடினார். ஃபோர்மேன் அடுத்த காரின் கீழே படுத்திருந்தார். கால் மட்டும் தெரிந்தது. பன்னீர்செல்வத்தைப் பார்த்தார். மேஜையில் மேனிஃபோல்டின் பதினான்கு போல்ட் வரிசையாக இருந்தது. பன்னீர்செல்வம் அதில் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"டாக்ஸி அந்த ரவுண்டானாக்கிட்ட நிக்கும் சார்" என்றார் கௌஸ் முகைதீன்.